கரிசல் மண்ணில் வீடு: மொத்தக் காண்ட்ராக்டா, லேபர் காண்ட்ராக்டா?

சாத்தூரான்:

எல்லோருக்கும் வணக்கம். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகிற பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. மண் சுவர், நாட்டு ஓடு, வாசலில் ஒரு தேக்கு நிலை. அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். நான் குடும்பத்தோடு சென்னையில். தங்கச்சியைத் தூத்துக்குடியில் கொடுத்திருக்கிறது. போன ஐப்பசி மழையில் பின்பக்கச் சுவர் பாதி சரிந்து ஆட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. ஆடுகள் தப்பித்தன. அதிலிருந்து ராத்திரி மழை பெய்தால் அம்மா தூங்குவதில்லை.

அதனால் பழைய வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் 1,150 சதுர அடியில் கீழ்தளம் மட்டும் கட்டலாம் என்று முடிவு. இரண்டு பேர் ரேட் சொல்லியிருக்கிறார்கள். டவுனில் இருக்கும் இன்ஜினியர், பொருளோடு சேர்த்து மொத்தமாகச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் கேட்கிறார். கணக்குப் போட்டால் 26 லட்சத்து 45 ஆயிரம் வருகிறது. எங்கள் ஊர் மேஸ்திரி, அப்பாவுக்கு மச்சான் முறை, கூலி மட்டும் சதுர அடிக்கு 480 சொல்கிறார். பொருள் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மண் சுத்தக் கரிசல். பக்கத்து வீடு கட்டி எட்டு வருஷம்கூட ஆகவில்லை, ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் ஓடுகிறது. அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு மேஸ்திரி மாமா மேல்தான் நம்பிக்கை. மனைவிக்கு இன்ஜினியர். அம்மாவுக்கு அந்தத் தேக்கு நிலை புது வீட்டுக்கும் வர வேண்டும், அவ்வளவுதான்.

எதில் விடலாம்? கரிசலில் கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் தினமும் கேட்கிறேன்.

திருப்பூர்வாசி:

மொத்தமாக விட்டுவிட்டு நிம்மதியாக வேலையைப் பாருங்கள் சகோ. சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிமெண்ட் மூட்டை எண்ண முடியாது. எங்கள் வீட்டை மொத்தக் காண்ட்ராக்டில்தான் கட்டினோம். சாவி கையில் வந்தது. என்ன, சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு, மாடிப்படி மேல் ஹெட்ரூம் நாலும் "இது ரேட்டில் வராது சார்" என்று கடைசியில் தனி பில்லாக நீட்டினார்கள். அதை மட்டும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி டீச்சர்:

தம்பி, நான் கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்களுடையதும் கரிசல்தான். லேபர் காண்ட்ராக்டில் கட்டி, பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு மழைக்காலமும் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். அதனால் சைட்டில் நின்றது நானும் என் மாமனாரும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மண்ணைப் பேசுவோம். ரேட்டெல்லாம் அப்புறம். கரிசல் மழையில் ஊதும், சித்திரையில் சுருங்கும். எங்கள் காலி மனையில் வெயில் காலத்து வெடிப்புக்குள் என் பையன் முழங்கை வரை கையை விட்டு விளையாடுவான். அந்த ஊதலும் சுருங்கலும் எந்த ஆழம் வரை நடக்கிறதோ அதற்குக் கீழே அஸ்திவாரம் உட்கார வேண்டும். எங்கள் மேஸ்திரி ஐந்து அடி போதும் என்றார். வரைபடம் போட்ட இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை. தோண்டிப் பார்த்ததில் ஏழு அடிக்குக் கீழேதான் சுக்கான் வந்தது. கடப்பாரை போட்டால் "ணங்" என்று சத்தம் வருகிற வெள்ளைச் சுக்கான் பாறை. பில்லர் குழிகளை அதில் கொண்டுபோய் உட்கார வைத்தோம்.

அதோடு முடியவில்லை. பில்லர் ஆழமாகப் போய்விட்டது, ஆனால் ரூமுக்குள் இருக்கும் கரிசல் அப்படியே இருந்தால் நாளைக்குத் தரை டைல்ஸைத் தூக்கிவிடும். உள்ளே இருந்ததையும் அள்ளி வெளியே போட்டுவிட்டுச் சரள் மண் அடித்தோம். ஒரு அடி கொட்டுவது, தண்ணீர் விடுவது, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்குவது, மறுபடி ஒரு அடி. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தண்ணீர் தெளித்துவிட்டால் பின்னால் இறங்கும். அள்ளிய கரிசலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். எங்களுக்கு வண்டி வாடகை மிச்சம்.

இந்த வேலையிலேயே கையில் இருந்த காசு கால்வாசி போய்விட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் வீடியோ காலில் பார்த்துவிட்டு "காசெல்லாம் எங்கே போச்சு?" என்றார். போனைக் குழிக்குள் நீட்டிக் காட்டினேன்.

சரி, காண்ட்ராக்ட் விஷயம். எல்லோரும் ரேட்டை வைத்து யோசிக்கிறார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: சைட்டில் தினமும் நிற்க உங்கள் வீட்டு ஆள் யார்? எங்கள் மாமா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வேப்பமரத்தடியில் நாற்காலி, மடியில் நோட்டு. வந்த மூட்டை, தீர்ந்த மூட்டை, யார் எத்தனை மணிக்கு வந்தார், டீக்கு எத்தனை பேர், எல்லாம் ஏறும். எங்கள் இன்ஜினியர் சதுர அடிக்குச் சிமெண்ட் 0.4 மூட்டை, கம்பி மூன்றரையிலிருந்து நாலு கிலோ என்று தோராயக் கணக்குச் சொல்லியிருந்தார். மாமா அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். எந்த வேலையிலாவது மூட்டை ஓடுகிற வேகம் கூடினால் மேஸ்திரியைக் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டுவார், வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் நான் லேபருக்கு இறங்கியிருக்கவே மாட்டேன்.

எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எப்போதும் ராத்திரிதான் லோடு வரும். பில்லில் நாலு யூனிட். யூனிட் என்றால் 100 கன அடி. லாரி சக்கரத்தில் கால் வைத்து ஏறி டேப் பிடித்தேன். நீளம் 14 அடி, அகலம் 7 அடி. ஓரத்தில் மணல் நாலு அடி உயரம் இருந்தது, நடுவில் கையை விட்டால் மூன்று அடி. சராசரி மூன்றரை. 14 × 7 × 3.5 எவ்வளவு? 343. மூன்றரை யூனிட்கூட இல்லை! டிரைவர் "அக்கா, வர்ற வழியில குலுங்கி அமுங்கிடுச்சு" என்றார். அமுங்கியிருந்தால் நடுவில் மட்டும் ஏன் பள்ளம்? சப்ளை செய்தவருக்குப் போன் போட்டு அளந்த யூனிட்டுக்குத்தான் பணம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த லோடிலிருந்து நான் டேப்போடு வெளியே வந்தாலே டிரைவர் தானாகத் தார்ப்பாயை அவிழ்ப்பார்.

கம்பியும் அப்படித்தான். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம், ஒன்று பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். கம்பிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி எடை போட்டாலே கடைக்காரருக்கு நாம் யார் என்று தெரிந்துவிடும்.

தண்ணீரில் கோட்டை விடாதீர்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதிலேயே கலவை போட்டால் கம்பி துருப்பிடிக்கும், பூச்சில் உப்புப் பூக்கும். பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தேன், வேண்டாம் என்று வந்தது. கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் டேங்கர் தண்ணீர் வாங்கினோம். கஷ்டமான செலவு. கண் முன்னால் கிணறு இருக்க, காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறாளே என்று என் அத்தை ஊரெல்லாம் சொன்னார்.

தளம் போட்ட நாள்தான் எனக்கு மறக்காது. விடிவதற்கு முன்னால் நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கம்பி மேல் ஏறி ஒவ்வொரு ரூமாகப் பார்த்தேன். ஹாலில் இரண்டு ஃபேன் பாக்ஸ் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. எலக்ட்ரீஷியனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து வைக்கச் சொன்னேன். கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் தளத்தைக் குடைந்திருப்பார்கள்.

அப்புறம் மிக்சர் வந்தது, லிஃப்ட் வந்தது, ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம். மேஸ்திரிக்குக் கலவை நன்றாக ஓட வேண்டும், அதற்காகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனார். நான் ஒரு பக்கெட்டில் கோடு போட்டு மிக்சர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், அதற்கு மேல் ஒரு சொம்பு கிடையாது. "டீச்சரம்மா, கணக்குப் பாடத்தை ஸ்கூல்ல வச்சுக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கெட்டை மட்டும் விடவில்லை.

மதியம் எல்லோருக்கும் கறிச் சோறு. மேஸ்திரிக்கு வேட்டி துண்டு. கடைசிச் சட்டி ஏறும்போது வடக்கே கருத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் போர்த்தி முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. மறுநாள் காலை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். காக்காய் குளிக்க வந்தது. என் பையன் அதைப் பார்த்து "நம்ம வீட்டு மாடியில கம்மாய்" என்று குதித்தான். அன்றைக்குத்தான் இது வீடு என்று எனக்கே தோன்றியது.

அப்புறம் இறக்கம். தளம் முடிந்ததும் மேஸ்திரி வேறு சைட்டைப் பிடித்துவிட்டார். பூச்சு வேலை இழுத்தது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போகிறோம் என்று போனவர்கள் ஆவணி பிறந்தும் வரவில்லை. சித்தாளுக்கு ஆள் கிடைப்பதும் எங்கள் பக்கம் பெரிய பாடு, தீப்பெட்டி ஆபீஸில் நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கும்போது யார் வெயிலில் சட்டி தூக்க வருவார்கள்? எங்களிடம் இருந்த ஒரே பிடி, பூச்சு முடிந்தால்தான் அந்தத் தவணை என்று எழுதி வைத்திருந்தது. காசு வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும் தம்பி. முந்திக்கொண்டு போனால் ஆளும் அதன் கூடவே போய்விடுவார்.

குடும்பத்துக்குள் சண்டையும் உண்டு. அடுப்படி அக்னி மூலையில்தான் என்று அத்தை நின்றார். அதற்காகக் கிணற்றடி ஜன்னல் போனது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். அந்தக் காற்று வேறு எங்கேயும் வராது. ஆனால் அத்தை எட்டு மாதம் சைட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர், அவரிடம் எப்படி மல்லுக்கட்டுவது?

எங்கள் சைட்டிலேயே கெட்டிக்காரர் யார் தெரியுமா? ஒரு சித்தாள் அக்கா. பாத்ரூம் டைல்ஸ் ஒட்டி முடித்து, டைல்ஸ்காரர் பில் கேட்டு நிற்கிறார். அந்த அக்கா பேசாமல் ஒரு மக் தண்ணீர் மொண்டு மூலையில் ஊற்றினார். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகவில்லை. நிதானமாக வாசப்படியைப் பார்த்து வந்தது. "டீச்சரு, நாளைக்கு ஹால்லதான் குளிக்கணும்" என்றார். வாட்டம் சரியில்லை என்று பெயர்த்து மறுபடி ஒட்டினார்கள். பில் கொடுப்பதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

உங்களுக்கு என் யோசனை: உங்கள் அப்பாவால் தினமும் நிற்க முடியும், உடம்பு ஒத்துழைக்கும் என்றால் லேபர். வரைபடம், கம்பி விவரம் போட்டுக் கொடுத்து, வானம் (அஸ்திவாரக் குழி), பிளிந்த் பீம் (தரை மட்டத்தில் வரும் பீம்), தளம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்க்க ஒரு இன்ஜினியரைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். அப்பாவால் முடியாது என்றால் மொத்தம்தான், வேறு வழியில்லை. அப்போது திருப்பூர்த் தம்பி சொன்னதோடு கம்பி, சிமெண்ட், ஒயர், டைல்ஸ் எல்லாம் என்ன கம்பெனி, டைல்ஸ் சதுர அடி என்ன விலை வரை என்று எழுதி வாங்குங்கள். கரிசல் அள்ளுவதும் சரள் அடிப்பதும் அந்த 2,300-இல் சேருமா என்று கேளுங்கள். சேராது என்றுதான் சொல்லுவார், பாருங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

பொதுப்பணித் துறையில் இருந்தவன். டீச்சர் சொன்னது பெரும்பாலும் சரி. ஏழு அடி என்பது அவர்கள் மனைக்கு. அதையே நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டாம். மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு குழி தோண்டிப் பாருங்கள். சுக்கானோ பாறையோ எட்டுகிற ஆழத்தில் இருந்தால் பில்லரை அதில் உட்கார வைத்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு அடிக்கும் கரிசலே வந்தால் தோண்டிக்கொண்டே போவதில் பயனில்லை. அண்டர்ரீம்டு பைல் என்று ஒன்று உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. ஐஎஸ் 2911 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி அதற்கானது. சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் துளையைப்போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். அந்தக் குமிழ், மண் ஊதும்போது தூணை மேலே எழும்ப விடாது. மேலே வரும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் 80 மி.மீ. இடைவெளி விட வேண்டும். அதைச் சாதாரண மேஸ்திரி மண் போட்டு அடைத்துவிடுவார், கவனமாக இருங்கள்.

பக்கத்து வீட்டு விரிசல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிறது என்றால் அஸ்திவாரம் ஒரு பக்கம் ஏறி இறங்குகிறது என்று பொருள். அவர்கள் வீட்டு மழைத் தண்ணீர் சுவர் ஓரத்திலேயே விழுகிறதா என்று பாருங்கள், அநேகமாக விழும். நீங்கள் வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டு மழை நீரை வெளியே தள்ளுங்கள். சுவர் ஓரம் வாழை வைப்பது, பாத்திரம் கழுவிய தண்ணீரை விடுவது எல்லாம் கரிசலில் கூடாது.

தளத்தை அடியில் தாங்குகிற முட்டுகளைக் கழற்ற அவசரப்படுவார்கள், சென்ட்ரிங் வாடகை ஏறுமே. ஐஎஸ் 456 படி நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இப்போது கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட், அதற்குத் தண்ணீர் கட்டுவது 10 நாளுக்குக் குறையக் கூடாது, உங்கள் ஊர் வெயிலுக்கு 14 நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லியைச் சொருகுவார்கள். தளத்துக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ., அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. கவர், அதாவது கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனம், வேண்டும்.

வங்கிக்காரன்:

கட்டுமானத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். லோன் வாங்குகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை, வாங்குவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மனை அப்பா பெயரில் இருந்து சம்பளம் உங்களுடையது என்றால் அப்பாவையும் லோனில் சேர்க்கச் சொல்லுவார்கள். வயதைப் பார்த்துத் தவணைக் காலத்தைக் குறைக்கவும் கூடும். இன்னொன்று, மனையிலோ வீட்டிலோ உங்களுக்கு உரிமை இல்லாமல் வட்டிக்கு வருமான வரிக் கழிவு கேட்க முடியாது. அதுவும் சொந்தக் குடியிருப்புக்கு வருஷத்துக்கு 2 லட்சம் வரை கிடைக்கும் அந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். புது முறையில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

அப்பா மனையை உங்கள் பெயருக்கு மாற்றிச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினால் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. 2023-இல் ஏற்றிய பிறகு உள்ள கணக்கு இது. தங்கச்சியிடம் முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள். பத்திரத்தை விட அதுதான் கடினம்.

அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையத்திலேயே வாங்கிவிடலாம். அந்தத் தாள் இல்லாமல் லோன் தவணை வராது. பேஸ்மெண்ட் (தரை மட்டம்), லிண்டல் (ஜன்னல், கதவு மேல் மட்டம்), தளம் என்று வேலை முடிய முடியத்தான் பணம் விடுவார்கள். எனவே கடைக்கால் (அஸ்திவார) செலவுக்கு உங்கள் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். டீச்சர் குழிக்குள் போனை நீட்டிய கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாத்தூரான்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் டீச்சர் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். நாற்காலியும் நோட்டும் அவருக்குப் பிடித்துவிட்டது. "நான் நிப்பேன்டா" என்கிறார். ஆக லேபர் பக்கம்தான் சாய்கிறோம், தனியாக ஒரு இன்ஜினியர் பார்க்க. இன்னும் இரண்டு சந்தேகம். மேஸ்திரி மாமா சொந்தக்காரர். அவரிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அப்பா கூச்சப்படுகிறார். அப்புறம் அந்தத் தேக்கு நிலை, உயரம் ஐந்தரை அடிதான். தலைவாசலுக்கு ஆகாது என்கிறார் ஆசாரி. அம்மா முகம் சுருங்கிவிட்டது.

கோவில்பட்டி டீச்சர்:

நிலைக்கு வழி சுலபம். பூஜை ரூமுக்கு வையுங்கள். அங்கே குனிந்து போவதுதான் அழகு. எங்கள் ஊரில் இரண்டு மூன்று வீட்டில் அப்படி வைத்திருக்கிறார்கள். பிரிக்கும்போது கடப்பாரை போட்டு நெம்ப விடாதீர்கள், கொண்டியையும் குடுமியையும் ஆசாரியே வந்து கழற்றட்டும். கழற்றியதும் கரையான் அரித்த இடம் இருக்கிறதா என்று அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணுக்குள் இருந்த பாகம்தான் போயிருக்கும், அதை அறுத்துவிடலாம். நாட்டு ஓட்டை விற்றுவிடாதீர்கள், ஆட்டுக் கொட்டகைக்கு ஆகும்.

சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்பதற்குத்தான் வங்கி இருக்கிறதே! "மாமா, லோன் கொடுக்கிறவன் எஸ்டிமேட்டும் அக்ரிமெண்ட்டும் கேட்கிறான்" என்று பழியை அங்கே போடுங்கள். கோபம் யார் மேலும் வராது. அதில் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு தொகை என்று இருக்கட்டும். சன்ஷேடு, லாஃப்ட், படி, செப்டிக் டேங்க் எல்லாம் 480-க்குள் வருகிறதா, தனியா என்பதும் இருக்கட்டும். கூலியில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு ஐப்பசி மழை போனபின் கொடுப்பதாக எழுதுங்கள். ஒழுகினால் அவரே வந்து பார்ப்பார். பணத்தை அப்பா கையால் கொடுக்க வேண்டாம், நீங்கள் சென்னையிலிருந்து அவர் கணக்குக்கே போடுங்கள். மச்சான் கேட்டால் அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது. உங்களால் "சம்பளம் வரட்டும் மாமா" என்று சொல்ல முடியும்.

நிலை வைக்கும் அன்றைக்கு மட்டும் அவரை மேஸ்திரியாக நடத்தாதீர்கள். மாமாவாகக் கூப்பிட்டு, வேட்டி கொடுத்து, முதலில் அவருக்கு இலை போடுங்கள். நவதானியம், காசு எல்லாம் நிலைக்கு அடியில் அவர் கையால் போடட்டும்.

சாத்தூரான்:

வங்கி மேல் பழி போடும் யோசனைக்கு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்குப் பூஜை ரூம் சம்மதம். வருகிற ஞாயிறு ஊருக்குப் போகிறேன். பொறியாளர் ஐயா சொன்ன இரண்டு குழியையும் மாமாவை வைத்தே தோண்டப் போகிறோம். எத்தனை அடியில் என்ன வருகிறது என்று இங்கேயே போடுகிறேன். அக்கா, அந்த டேங்கர் தண்ணீர்க்காரர் சாத்தூர்ப் பக்கம் வருவாரா?

கோவில்பட்டி டீச்சர்:

வருவார். நம்பர் தனியாக அனுப்பியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் கூப்பிடுங்கள், அதற்கப்புறம் போனை எடுக்க மாட்டார். முதல் லோடு வந்ததும் ஒரு சொம்பு மொண்டு வாயில் வைத்துப் பாருங்கள். அவரும் சில நாள் எந்தக் கிணற்றில் பிடிக்கிறார் என்று சொல்ல மாட்டார்.